தியேட்டரா ஓடிடியா, மூலமா ரீமேக்கா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம் பார்க்கிறவர்கள் நான்கு பேர் கூடினால் தவறாமல் வருகிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தியேட்டர், ஓடிடி சண்டை வேறு, ரீமேக் சண்டை வேறு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகப் படுகிறது. ஒரு காலத்தில் படம் பார்க்க வேறு வழி இல்லாததால் தியேட்டருக்குப் போனோம். மலையாளப் படமும் தெலுங்குப் படமும் நம் ஊர்ப் பக்கம் வராததால் ரீமேக் பார்த்தோம். இன்று இரண்டுக்கும் வேறு வழி வந்துவிட்டது. இனி தியேட்டரும் சரி, ரீமேக்கும் சரி, வேறெங்கும் கிடைக்காத ஒன்றைத் தந்தால்தான் தாக்குப்பிடிக்கும். இந்த எண்ணத்தோடுதான் கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

நான்கு வாரத்தில் படம் வீட்டுக்கே வந்துவிடுகிறதே, தியேட்டருக்கு எதற்குப் போக வேண்டும்?

2024 ஏப்ரல் 20 அன்று ‘கில்லி’ மறுபடி திரைக்கு வந்தது. 2004 ஏப்ரலில் வந்த படம். இருபது வருஷமாக டிவியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பண்டிகை நாள் என்றால் ஏதாவது ஒரு சேனலில் முத்துப்பாண்டி ‘செல்லம்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார். கதை தெரியாத ஆளே கிடையாது. அப்படியிருந்தும் ஊர் ஊராக ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டினார்கள். புதுப் படங்கள் பல காற்று வாங்கிக்கொண்டிருந்த சமயம் அது.

நான் போன காட்சியில் எனக்கு முன் வரிசை முழுக்கக் கல்லூரிப் பசங்க. படம் முதலில் வந்தபோது தொட்டிலில் கிடந்திருப்பார்கள், சிலர் பிறந்தேகூட இருக்க மாட்டார்கள். பிரகாஷ்ராஜ் வாய் திறப்பதற்கு அரை நொடி முன்னாலேயே அவர் வசனத்தை இவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். ‘அப்படிப் போடு’ ஆரம்பித்ததும் திரைக்கு முன்னால் கால் வைக்க இடமில்லை. ஓரத்து சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து அவர்களுக்கு வழிவிட்டு, நின்றபடியே தாளம் போட்டார். படம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. கூட உட்கார்ந்து பார்க்க அத்தனை பேர் வீட்டில் இல்லை. அதற்குத்தான் டிக்கெட் வாங்கினார்கள்.

சிரிப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். பயமும் தொற்றும், அமைதியும் தொற்றும். நானூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சு விடாமல் இருக்கிற அந்த அமைதியை எந்த டிவியும் தர முடியாது.

இன்னொன்றும் உண்டு. தியேட்டரில் படத்தை நிறுத்த முடியாது. இதை அசௌகரியம் என்று சொல்வார்கள், எனக்கோ இதுதான் தியேட்டரின் பெரிய பலமாகத் தெரிகிறது. வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது, நிறுத்துகிறோம். கொரியர் வருகிறது, நிறுத்துகிறோம். வாட்ஸ்அப் பார்க்க நிறுத்தக்கூட இல்லை, படம் பாட்டுக்கு ஓடுகிறது. கடைசியில் இரண்டரை மணி நேரப் படத்தை மூன்று நாள் தவணையில் முடித்துவிட்டு, “சுமார்தான்” என்கிறோம். இயக்குநர் பார்த்துப் பார்த்து ஏற்றிய பதற்றம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப்போனதை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

வீட்டில் 55 இஞ்ச் 4கே டிவி இருக்கிறது. படமும் ஒலியும் அப்படி என்ன வித்தியாசப்படும்?

வித்தியாசம் உண்டு, அதை எண்ணிலேயே சொல்லலாம். தியேட்டருக்குப் போகிற டிஜிட்டல் பிரதி நொடிக்கு 250 மெகாபிட் வரை தகவலைச் சுமக்கலாம். ஓடிடியில் 4கே படம் பெரும்பாலும் நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். ஓடிடியின் சுருக்க முறை திறமையானதுதான், அதனால் பகல் வெளிச்சக் காட்சிகளில் குறை தெரியாது. இருட்டில்தான் குட்டு வெளிப்படும். ‘கைதி’ முழுக்க ஓர் இரவில் நடக்கிற கதை. தியேட்டரில் லாரியின் ஹெட்லைட்டுக்கு அப்பால் இருக்கிற இருட்டுக்கும் ஓர் ஆழம் இருந்தது. ட்யூப்லைட் எரிகிற ஹாலில் உட்கார்ந்து போனில் பார்த்தால் அதே இருட்டு சாம்பல் திட்டுத் திட்டாகத் தெரியும்.

ஆனால் தியேட்டர் என்றாலே தரம் என்று எழுதித் தர நான் தயாரில்லை. திரையின் வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட் இருக்க வேண்டும் என்று தொழில்முறைத் தரம் ஒன்று இருக்கிறது. மின்சாரச் செலவையும் பல்ப் செலவையும் மிச்சம் பிடிக்க ப்ரொஜெக்டர் வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டுகிற இடங்கள் உண்டு. பக்கவாட்டு ஸ்பீக்கரில் பாதி பேசாத இடங்களும் உண்டு. இப்படிப்பட்ட தியேட்டரில் 190 ரூபாய் கொடுத்து மங்கலான படம் பார்ப்பதைவிட வீட்டில் பார்ப்பது மேல். உங்கள் ஊரில் எந்தத் தியேட்டரில், எந்தத் திரையில் ஒலி நன்றாக இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டர் அக்கறையானவர் என்றால் பழைய தியேட்டரிலும் படம் பளிச்சென்று இருக்கும்.

பெரிய பட்ஜெட் படத்தைத் தியேட்டரில், சின்னப் படத்தை ஓடிடியில் பார்த்தால் போதும் என்கிறார்களே?

இந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்வதில்லை. வெடிச்சத்தமும் கிராஃபிக்ஸும் நிறைந்த படம் வீட்டிலும் உங்களை எப்படியாவது பிடித்து வைத்துக்கொள்ளும். அமைதியான படத்துக்குத்தான் இருட்டும் அடைத்த கதவும் தேவைப்படுகிறது. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் ஏலக்காய் மூட்டை சுமந்து மலை ஏறி இறங்குகிறவர்களின் நடை இருக்கிறதே, அதைப் போனைத் தடவிக்கொண்டே பார்த்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். திரையில் பார்க்கிறபோது அந்த மலை ஏற நமக்கே மூச்சு வாங்கும். ‘கடைசி விவசாயி’யும் இப்படித்தான்.

கூட்டமே ஒரு பாத்திரமாக வருகிற படங்கள் இன்னொரு வகை. ‘சார்பட்டா பரம்பரை’ 2021 ஜூலையில் நேராக ஓடிடிக்கு வந்தது. கொரோனா காலம், அப்போது வேறு வழியும் இருந்திருக்காது. ஆனாலும் கபிலன் மேடையேறுகிறபோது வடசென்னைச் சனம் எழுப்புகிற அந்தச் சத்தத்தோடு தியேட்டர்க் கூட்டத்தின் சத்தமும் சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம் உண்டு.

வீட்டில் பார்த்தால் ஒன்றும் குறையாதவையும் இருக்கின்றன: பேச்சே பிரதானமான குடும்பக் கதைகள், ஏற்கெனவே பார்த்து ரசித்த படத்தைத் திரும்பப் பார்ப்பது, சப்டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் படிக்க வேண்டிய வேற்றுமொழிப் படங்கள்.

நாலு பேர் குடும்பம் ஒரு படத்துக்குப் போய்வந்தால் ஆயிரம் ரூபாய் தாண்டுகிறது. கட்டுப்படியாகுமா?

நியாயமான கேள்வி. டிக்கெட்டைப் பொறுத்தவரை தமிழ்நாடு ஓரளவு பரவாயில்லை. மல்டிப்ளெக்ஸில் அடிப்படைக் கட்டணம் 150 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2017-இல் அரசு வரம்பு வைத்தது. வரிகள் சேர்ந்து 190 ரூபாய்ச் சுற்றில் வந்து நிற்கும். பெங்களூரில் வார இறுதியில் இதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்பார்கள். 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், அதற்கு மேலே 18 சதவீதம். ஆகவே குறைந்த கட்டணம் வாங்கும் தியேட்டர் பக்கத்தில் இருந்தால் அங்கே போவது பாதிக்குப் பாதி லாபம். கவுன்டரில் வாங்கினால் ஆன்லைன் முன்பதிவுக் கட்டணமும் மிச்சம்.

பணம் கரைவது கேன்டீனில்தான். வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் அதே வழக்கில் பதிவாகியிருக்கிறது. தண்ணீர் எங்கே என்று தைரியமாகக் கேளுங்கள். சாப்பிட்டுவிட்டு மேட்னி போங்கள், செலவு பாதியாகக் குறையும்.

இந்த ‘நான்கு வாரம்’ என்பதை யார் முடிவு செய்தார்கள்?

சட்டம் எதுவும் கிடையாது, இழுபறியில் வந்து நின்ற எண் இது. 2013-இல் ‘விஸ்வரூபம்’ படத்தைத் தியேட்டருக்கு முன்னதாக டி.டி.எச். வழியே வீட்டுக்குக் கொடுக்கக் கமல்ஹாசன் திட்டமிட்டார். தியேட்டர் உரிமையாளர்கள் ஒட்டுமொத்தமாக எதிர்த்ததில் அந்தத் திட்டம் நின்றுபோனது. ஏழு வருஷம் கழித்து, ஊரடங்கில் தியேட்டரெல்லாம் பூட்டிக் கிடந்தபோது, 2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேராக ஓடிடிக்குப் போனது. அதைத் தயாரித்த நிறுவனத்தின் படங்களை இனி திரையிட மாட்டோம் என்று அப்போதும் எதிர்ப்புக் கிளம்பியது. அடுத்து நவம்பரில் ‘சூரரைப் போற்று’. 2021 பொங்கலுக்குத் தியேட்டரில் வந்த ‘மாஸ்டர்’ பதினாறே நாளில் ஓடிடிக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நான்கு வாரம் என்பது தமிழில் நடைமுறையானது.

இந்தி வட்டாரத்தில் பெரிய மல்டிப்ளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வாரம் கேட்கின்றன. 2023-இல் ‘லியோ’வின் இந்திப் பதிப்பு அந்தத் திரைகளில் வராமல் போனதற்கு இதுதான் காரணம்.

எட்டு வாரம் என்பதே சரி என்பது என் கருத்து. தியேட்டர்காரர் வருமானம் எப்படி வருகிறது என்று பாருங்கள். முதல் வார வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தர் பக்கம் போய்விடும். வாரம் ஏற ஏறத்தான் தியேட்டரின் பங்கு கூடும். அவருக்குக் கொஞ்சம் கையில் நிற்க ஆரம்பிக்கிற நேரத்தில் படம் போனுக்கு வந்துவிட்டால், அவர் எதை நம்பி நாற்காலி மாற்றுவார், ஸ்பீக்கர் மாற்றுவார்? “வாய்வழி விளம்பரம்” என்று நாம் சொல்கிறோமே, அது வேலை செய்யவும் அவகாசம் வேண்டும். இரண்டாவது வாரத்தில் பேச்சு பரவி, மூன்றாவது வாரத்தில் குடும்பங்கள் கிளம்பி வருவதற்குள் “அடுத்த வாரம் ஓடிடி” என்று போஸ்டர் வந்துவிடுகிறது.

சின்னப் படங்களை ஓடிடி காப்பாற்றும் என்றார்களே?

ஊரடங்குக் காலத்தில் கொஞ்ச நாள் காப்பாற்றியது. பிறகு நிலைமை மாறிவிட்டது. தியேட்டரில் ஓடிய படத்துக்குத்தான் நல்ல விலை, ஓடாத படத்தைக் கேட்பாரில்லை. முகம் தெரியாத நடிகர்களை வைத்துப் படம் எடுத்த தயாரிப்பாளர் இன்று இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார். தியேட்டரில் காலை பதினொரு மணிக்கு ஒரு காட்சி கொடுப்பார்கள், ஆள் இல்லை என்று திங்கட்கிழமை தூக்கிவிடுவார்கள். அப்படித் தூக்கியதாலேயே ஓடிடியிலும் விலை போகாது. இதற்கு மாறாக ‘லப்பர் பந்து’, ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ மாதிரிப் படங்கள் வந்த சில நாளிலேயே பேச்சைக் கிளப்பித் தியேட்டரில் நின்று காட்டின. சின்னப் படம் ஒன்றைப் பார்க்க நினைத்தால் முதல் வார இறுதியிலேயே போய்விடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். இரண்டாவது வாரம் அந்தப் படம் உங்கள் ஊரில் இருக்குமா என்பதே சந்தேகம்.

பழைய சிங்கிள் ஸ்கிரீன் தியேட்டர்கள் மூடப்படுவதும் ஓடிடியால்தானா?

ஓடிடியும் ஒரு காரணம். நகரத்தில் நிலத்தின் விலை அதைவிடப் பெரிய காரணம். ‘பராசக்தி’யோடு 1952 தீபாவளிக்குத் திறந்த மதுரை தங்கம் தியேட்டர் மூடப்பட்டபோது ஓடிடி என்ற ஒன்றே இங்கே கிடையாது. சென்னை அண்ணா சாலை சாந்தி 2016-இல் போனது. 1983-இல் திறந்த அசோக் நகர் உதயம் 2024-இல் போனது.

ரீமேக் என்றாலே சொந்தக் கதை இல்லாதவர்கள் செய்கிற வேலைதானே?

தமிழ் சினிமாவின் முக்கியமான பல படங்களை அப்படியானால் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டியிருக்கும். ‘எங்க வீட்டுப் பிள்ளை’ 1964-இல் தெலுங்கில் வந்த ‘ராமுடு பீமுடு’தான். தெலுங்கு, தமிழ், பிறகு 1967-இல் இந்தி ‘ராம் அவுர் ஷியாம்’ என மூன்றையும் இயக்கியவர் சாணக்யாவேதான். ஆனால் வாலி எழுதிய ‘நான் ஆணையிட்டால்’ தமிழில் எம்.ஜி.ஆருக்காகப் பிறந்தது. சாட்டையோடு படிக்கட்டில் ஏறி இறங்கி அவர் பாடிய பிறகு அந்தப் படம் யாருடைய ரீமேக் என்று யார் கேட்டார்கள்?

‘பில்லா’ 1978-இல் வந்த இந்தி ‘டான்’. ‘முத்து’ மலையாளத்து ‘தேன்மாவின் கொம்பத்து’. மலையாளத்தில் மாட்டுவண்டிக்காரன், அவன் முதலாளி, இருவருக்கும் பிடித்த ஒரு பெண் என்று இலகுவாகப் போகிற கதை. கே.எஸ்.ரவிகுமார் அதில் ஒரு ஜமீன்தார் அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். படம் 1998-இல் ஜப்பான் வரை போய் ஓடியது. ‘குருதிப்புனல்’ கோவிந்த் நிஹலானியின் ‘துரோகால்’ என்ற இந்திப் படத்தின் ரீமேக், அதே ‘குருதிப்புனல்’ ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. மேலே சொன்ன ‘கில்லி’யும் 2003-இல் வந்த தெலுங்கு ‘ஒக்கடு’தான். கர்னூல் மதுரையாயிற்று, ஹைதராபாத் சென்னையாயிற்று, சார்மினார் இருந்த இடத்துக்குக் கலங்கரை விளக்கம் வந்தது. கபடி அப்படியே இருந்தது, வில்லன் பிரகாஷ்ராஜும் அவரேதான்.

அப்படியானால் நல்ல ரீமேக்குக்கு அடையாளம் என்ன?

1993-இல் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கேரளத்து மாளிகை ஒன்றில் பூட்டிய அறை. அதற்குள் நாகவல்லி என்ற நாட்டியக்காரியின் கதை. அவள் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழச்சி. கங்கா என்ற மலையாளப் பெண், தனக்குள் நாகவல்லி வந்ததும் தமிழில் பேசுகிறாள், தமிழில் மிரட்டுகிறாள். மலையாள ரசிகருக்கு அந்த இடத்தில் முதுகு சில்லிட்டதற்கு ஷோபனாவின் கண்கள் பாதிக் காரணம், திடீரென்று மாறிய மொழி மீதிப் பாதி. ஷோபனாவுக்கு அதற்குத் தேசிய விருது கிடைத்தது.

இதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? பேய் தமிழ் பேசினால் நமக்கு அது பக்கத்து வீட்டுக்காரி பேசுகிற மாதிரிதான் இருக்கும். பி.வாசு முதலில் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ எடுத்தபோதே நாட்டியக்காரியைத் தெலுங்கு பேச வைத்தார். 2005-இல் ‘சந்திரமுகி’யிலும் அதையே தொடர்ந்தார். விஜயநகரத்துச் சந்திரமுகி, ‘ரா ரா’ என்று தெலுங்கில் பாட்டு. 2007-இல் பிரியதர்ஷன் இந்தியில் ‘பூல் புலையா’ எடுத்தபோது வங்காளத்து மஞ்சுலிகா வந்தாள். ஒவ்வொரு ஊரும் தனக்குப் பக்கத்தில் இருக்கிற, பாதி புரிந்து பாதி புரியாத மொழியை எடுத்துப் பேய்க்குக் கொடுத்தது. மூலப் படத்தில் பயம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தவர்களால் மட்டுமே இதைச் செய்ய முடியும். வசனத்தை மொழிபெயர்க்கிறவர்களுக்கு இது தோன்றாது.

இழந்ததும் உண்டு. மலையாளத்தில் மோகன்லால் வருவதற்குள் படம் பாதியை நெருங்கிவிடும். அதுவரை அந்த வீடும் அதன் மனிதர்களும் நமக்குப் பழகிப் போவார்கள். ரஜினி படத்தில் அப்படிக் காத்திருக்க வைக்க முடியாது, சண்டையோடும் பாட்டோடும் தொடக்கத்திலேயே வந்தாக வேண்டும். அதனால் மெல்ல ஏறுகிற அச்சம் தமிழில் குறைந்தது. எனக்கு மலையாளப் படம்தான் ஒரு படி மேல். ஆனால் ‘சந்திரமுகி’ சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடியதை வெறும் நட்சத்திர மோகம் என்று தள்ளிவிட மாட்டேன். ஜோதிகா அந்தக் கடைசி அரைமணி நேரத்தில் செய்ததைப் பார்க்கவே திரும்பத் திரும்ப வந்தவர்கள் இருந்தார்கள்.

‘த்ரிஷ்யம்’, ‘பாபநாசம்’ இரண்டில் எது உசத்தி?

இந்தக் கேள்விக்கு வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும். இரண்டையும் இயக்கியவர் ஜீத்து ஜோசப். காட்சிக்குக் காட்சி கிட்டத்தட்ட ஒன்றேதான். காவல்துறை அதிகாரியாக ஆஷா சரத் இரண்டிலும் வருகிறார். ஆனாலும் ‘பாபநாசம்’ நகல் மாதிரி தோன்றாததற்கு ஜெயமோகன் எழுதிய நெல்லை வட்டார வசனம் முக்கியக் காரணம். கமல் நடித்த சுயம்புலிங்கம் பேசுகிற தொனியில் ஒரு முழு ஊரே வந்துவிடுகிறது.

கடைசியில், பிள்ளையை இழந்த பெற்றோரிடம் நாயகன் பேசுகிற இடம் இருக்கிறதே, அங்கேதான் இரண்டு நடிகர்களும் பிரிகிறார்கள். மோகன்லால் கிட்டத்தட்ட எதுவும் செய்யாமல் சொல்லி முடிக்கிறார். கமல் உடைந்து அழுகிறார். எனக்கு மோகன்லாலின் அடக்கம்தான் பிடித்தது, பொய்யைக் கடைசிவரை சுமக்கப்போகிறவன் அப்படித்தான் இருப்பான் என்று தோன்றியது. என் அம்மாவுக்குக் கமல் அழுததுதான் சரி, “ஒரு அப்பன்காரன் அழாம எப்படிம்மா சொல்லுவான்” என்பார். இந்த வாதம் நடக்கவாவது இரண்டு படமும் இருப்பது நல்லது.

மூலப் படமே சப்டைட்டிலோடு ஓடிடியில் இருக்கும்போது ரீமேக் எதற்கு?

பெரும்பாலும் தேவையில்லை என்றுதான் சொல்வேன். ரசிகர்களும் அதையே சொல்லிவிட்டார்கள். ‘சூரரைப் போற்று’ ஐந்து தேசிய விருது வாங்கிய படம். அதையே சுதா கொங்கரா இந்தியில் 2024-இல் ‘சர்ஃபிரா’ என்று எடுத்தார், அக்ஷய் குமார் நடித்தும் தியேட்டர் காலி. தமிழ்ப் படத்தை வட இந்தியர்கள் ஏற்கெனவே வீட்டில் பார்த்திருந்தார்கள். ‘விக்ரம் வேதா’, ‘லவ் டுடே’ இந்திக்குப் போனபோதும் இதே கதை. நாம் செய்ததும் அப்படித்தான். மலையாளத்து ‘த கிரேட் இந்தியன் கிச்சன்’ 2021 ஜனவரியில் ஓடிடியில் வந்து தமிழ்நாடெங்கும் பேசப்பட்டது. 2023-இல் தமிழ் ரீமேக் வந்தபோது பேச ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

‘கைதி’ இந்தியில் ‘போலா’ ஆனது வேறு வகைத் தவறு. நாயகி இல்லை, பாட்டு இல்லை, ஒரே இரவு என்கிற இறுக்கம்தான் ‘கைதி’யின் உயிர். இந்தியில் பாட்டும் சேர்ந்தது, காதல் ஃப்ளாஷ்பேக்கும் சேர்ந்தது. படம் மாறத்தான் செய்தது, எதை மாற்றக் கூடாதோ அதை மாற்றினார்கள்.

எதிர்ப்பக்கத்தில் 2024-இல் வந்த ‘மஞ்சும்மல் பாய்ஸ்’. குணா குகையும் ‘கண்மணி அன்போடு’ பாட்டும் இருந்ததால், டப்பிங்கோ ரீமேக்கோ இல்லாமல் மலையாளத்திலேயே தமிழ்நாடு முழுக்கத் தியேட்டரில் ஓடியது. 2015-இல் சென்னையில் நீண்ட நாள் ஓடிய ‘பிரேமம்’ இதற்கு வழி போட்டிருந்தது. மலையாளமே இப்படி ஓடுகிற ஊரில், வசதிக்காக எடுக்கிற ரீமேக்குக்கு வேலை இல்லை. வேறு மண், வேறு மனிதர்கள், வேறு கோணம் என்று சொல்ல ஒன்று இருந்தால் மட்டும் எடுக்கலாம். பழைய படங்களைத் திரும்ப எடுக்கவும் எனக்கு ஆட்சேபம் இல்லை. நல்ல கரு இருந்தும் அன்றைய வசதிக்குறைவால் சரியாக வராத படங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ஏற்கெனவே முழுமையாக வந்த படத்தில்தான் எல்லோரும் கை வைக்கிறார்கள்.

உரிமை வாங்காமல் கதையை எடுத்துக்கொண்டால் வழக்குப் போட முடியுமா?

கருத்துக்கு காப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்கு உண்டு. ஆர்.ஜி.ஆனந்த் என்ற நாடக ஆசிரியர், தன் நாடகத்தைத் திருடிப் படம் எடுத்துவிட்டார்கள் என்று தொடுத்த வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இரண்டையும் பார்த்த சாதாரண ரசிகருக்கு ‘இது அதன் நகல்தான்’ என்று சந்தேகமில்லாமல் தோன்ற வேண்டும், அதுதான் அளவுகோல். அந்த வழக்கில் அவர் தோற்றார். ஒரே மாதிரி கரு இருப்பதாலேயே வெல்ல முடியாது. ஆனால் காட்சிகள், திருப்பங்கள், பாத்திரங்கள் வரிசையாக ஒத்துப்போனால் விஷயம் வேறு. எப்படியிருந்தாலும் மூலக் கதாசிரியரின் பெயரை டைட்டிலில் போடுவது குறைந்தபட்ச மரியாதை.

முதலில் மூலத்தைப் பார்ப்பதா, ரீமேக்கையா?

எது முதலில் பார்க்கிறோமோ அதுவே மனசுக்கு அசலாகிவிடும். ‘காதலுக்கு மரியாதை’ பார்த்து வளர்ந்தவருக்கு ‘அனியத்திப்ராவு’ ரீமேக் மாதிரி தெரியும். ஆகவே மூலம் கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தால் அதை முதலில் பாருங்கள். டப்பிங்கைவிடச் சப்டைட்டில் மேல், நடிகரின் குரல் அவர் நடிப்பில் பாதி. எழுத்தைப் படித்துக்கொண்டே பார்க்க முடியாத பெரியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் டப்பிங்கை விட்டால் வேறு வழி கிடையாது.

எங்கள் ஊரில் தியேட்டர் இல்லை, வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். ஓடிடிதான் கதி. நன்றாகப் பார்க்க என்ன செய்யலாம்?

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், மூன்று மணி நேரம் உட்கார முடியாதவர்கள், அரபு நாடுகளில் ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வருகிறவர்கள் என்று ஓடிடியால் மட்டுமே சினிமாவோடு தொடர்பில் இருக்கிறவர்கள் ஏராளம். அவர்களிடம் போய்த் தியேட்டர்ப் பெருமை பேசுவது அநியாயம்.

முதலில் டிவி செட்டிங்கில் ‘மோஷன்’ என்ற சொல் வருகிற வசதி எதுவாக இருந்தாலும் அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படத்தை அது வழவழப்பாக்கி டிவி சீரியல் மாதிரி காட்டும். படத்தின் வண்ணத்துக்கு ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், கடையில் வைத்திருந்த ‘விவிட்’ வேண்டாம். பேச்சு கேட்கவில்லை, சண்டை மட்டும் காதைப் பிளக்கிறது என்றால் ஆடியோவில் பல ஸ்பீக்கருக்கான 5.1-ஐ விட்டு ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பாருங்கள், டிவியின் சொந்த ஸ்பீக்கருக்கு அதுதான் ஒத்துவரும். விளக்கை அணையுங்கள். போனை வேறு அறையில் சார்ஜில் போடுங்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் இடைவேளை கார்டு வருகிற இடத்தில் நிறுத்துங்கள். நம் படங்களை அந்த இடத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்கள்.